கணுக்காலோடு நின்ற நிழல்கள்

நகோயாவின் ஓசு கடைத்தெருவில் தொகாஷியை ‘நிழல்கொல்லி’ என்பார்கள். பட்டத்தைக் கொடுத்தவர்கள் வாடிக்கையாளர்கள். அதை விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டது மட்டும் அவன்.

கார்ட்டூன் பாத்திரங்களின் பொம்மைகளைச் சேர்ப்பவர்களின் கண்ணாடி அலமாரிக்குள் எல்.இ.டி. பட்டை பொருத்துவது அவன் தொழில். பார்க்கச் சின்ன வேலை. ஆனால் மேலே ஒரே ஒரு விளக்கைப் போட்டுவிட்டால் பொம்மையின் முன்மயிர் நிழல் நேராக மூக்குக்குக் கீழே வந்து உட்காரும். முன்பதிவு செய்து மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய மந்திரக்காரிக்கு மீசை முளைத்துவிடும். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வரும் போன்களில் வளர்ந்த ஆண்கள் அழுவதைத் தொகாஷி கேட்டிருக்கிறான். அவன் போய், அலமாரியின் முன்பக்க மூலைகள் இரண்டிலும் பட்டையைச் செங்குத்தாக இறக்கி, உள்நோக்கிச் சாய்த்து, பால் நிற மூடியைப் போட்டு வெளிச்சத்தைக் குழைத்துவிடுவான். மீசை போய்விடும். பின்பலகையில் நிழல் என்று ஒன்று இருந்த சுவடே தெரியாது. ‘ஆவிகூட என் அலமாரிக்குள்ள நிழல் விழாம நிக்கும்’ என்று சொல்லித் திரிந்தான். அந்த ஆகஸ்டுக்குப் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டான்.

முரோய் சான் வீட்டுக்கு அவனை அழைத்தது அந்த ஆகஸ்டில்தான். நகோயாவின் பழைய குடியிருப்பு ஒன்றில் ஒல்லியான மாடி வீடு. முரோய் சான் நகரத் துப்புரவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஓய்வு பெற்ற செய்தியை அவர் இன்னும் முழுதாக நம்பவில்லை. தெருமுனையில் குப்பைப் பை வைக்கும் இடத்தில் காலையில் நின்றுகொண்டு, வெளிச்சத்துக்கு எதிரே ஒவ்வொரு பையையும் தூக்கிப் பார்ப்பார். குப்பையை வகைவகையாகப் பிரித்துப் போடுவது அங்கே சட்டம்; பாட்டிலோடு மூடியைச் சேர்த்துப் போட்ட குடும்பங்கள் எவையென்று அவர் புண்ணியத்தில் தெருவுக்கே பெயர் சொல்லித் தெரியும்.

"பொண்ணு வர்றா தம்பி" என்றார் வாசலிலேயே. "ஓபோனுக்கு. அதுக்குள்ள முடிச்சுடணும்."

கூடத்தில் பூஜை மாடத்துக்கு முன்னால் வெள்ளைக் காகித விளக்கு தொங்கியது. வீட்டில் ஒருவர் போனபின் வரும் முதல் ஓபோனுக்கு மட்டும் தொங்கவிடும் விளக்கு அது. இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து தங்கிப்போகும் நாட்களில், புதிதாக இறந்தவருக்கு வழி தெரிய வேண்டுமே. தொகாஷி அந்த விளக்கையே பார்த்தான்.

"எப்படி… வருவாங்க?"

"ஷின்கான்சென் ரயில்ல. வேற எப்படி வருவா, பறந்தா?" அவன் கண் போன இடத்தை முரோய் சான் பார்த்தார். "அட, செத்தது என் சம்சாரம்யா. பொண்ணு செண்டாய்ல கல்லு மாதிரி இருக்கா."

"ரொம்ப சந்தோஷம்" என்றான் தொகாஷி. சொன்ன பிறகு, இங்கே அந்த வார்த்தை சரிதானா என்று யோசித்தான்.

மாடியில் மகள் நாகிசாவின் அறை. ஆளுயரக் கண்ணாடி அலமாரி. உள்ளே ஏழு பொம்மைகள்: வாள்காரி ஒருத்தி, ஒற்றைப் பின்னல் மந்திரக்காரி ஒருத்தி, பூனைக்காதுக்காரி, விண்கல ஓட்டி, இன்னும் மூவர். தொகாஷிக்கு ஒரு பார்வை போதும். ஏழும் பழைய பொருள் கடைகளில் இருந்து இப்போதுதான் வந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வீட்டு மணம். ஒன்றில் சிகரெட், ஒன்றில் பூனை.

"இது உங்க பொண்ணோடது இல்ல" என்றான்.

"அவளோடதுதான். அதே மாடல், அதே வருஷம். தேடித்தேடிப் பிடிச்சிருக்கேன்."

"அப்ப அவங்களோடது எங்க?"

முரோய் சான் சன்னலை மூடினார், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று. விஷயம் இதுதான். வேலைக்காக செண்டாய் போன நாகிசா, ‘அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கறேன்’ என்று அலமாரியை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். அவள் வருவதற்குள் அப்பா தூக்கிப் போட்டுவிட்டார். வந்தாள், காலி அலமாரியைப் பார்த்தாள், காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆறு வருடம். அம்மாவின் சாவுக்கு வந்தபோதுகூட மாடிப்படியில் கால் வைக்கவில்லை.

"இப்ப என்ன சொல்லப் போறீங்க?"

"தூக்கிப் போடவே இல்லன்னு. பரண்ல இருந்துச்சுன்னு. அவ அம்மா எடுத்து பத்திரமா வச்சிருந்தான்னு சொல்லிருவேன். இதோ விளக்கெல்லாம் போட்டு ஜம்முனு வச்சிருக்கேன் பாருன்னு காட்டினா, மனசு இளகி வீட்டுக்கு வரப்போக இருப்பா. என்ன சொல்ற?"

தொகாஷி டேப்பை எடுத்து அலமாரியை அளக்க ஆரம்பித்தான். வாடிக்கையாளர்களின் மனசாட்சிக்கு வெளிச்சம் போடுவது அவன் விலைப்பட்டியலில் இல்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் பத்தாம் தேதியே முடிந்திருக்கும். அடாப்டர் வரத் தாமதமாயிற்று. அடாப்டரை அலமாரிக்கு வெளியேதான் வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் சூட்டில் பொம்மைகள் மெல்லக் குனிந்து, ஒரு வருடத்தில் எல்லோரும் தரையில் காசு தேடுவது போல நிற்பார்கள். வயரைச் சட்டத்தின் ஓரமாக ஒளித்து, மூலைகளில் அலுமினியச் சட்டத்தை ஒட்டி, கடைசி முனையைப் பற்றவைத்து முடிக்கும்போது பதிமூன்றாம் தேதி சாயங்காலம் ஆகிவிட்டது.

இறந்தவர்களை வரவேற்கத் தீ மூட்டும் சாயங்காலம். கீழே வாசலில் முரோய் சான் மண்தட்டில் சணல் தண்டுகளை அடுக்கிக் கொளுத்தினார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், சாம்பல் அள்ள ஒரு முறம், அதற்கென்று தனிப் பை. தெரு முழுக்க வீட்டுக்கு வீடு சின்னச் சின்னத் தீ. மனைவியின் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்ட அதே நேரம், மாடியில் தொகாஷி சுவிட்சைப் போட்டான். அந்த வேளையில் வேறெந்த விளக்கைப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. சன்னல் வழியே தெருவுக்குத் தெரிகிற விளக்கைப் போட்டிருக்கக் கூடாது. வழி தேடி வருகிறவர்களுக்கு அதுவும் அழைப்புதான். அது அவனுக்குத் தோன்றவில்லை. அவன் மீசைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

மீசை ஒருத்திக்கும் இல்லை. ஆனால் பின்பலகையில் ஏழு நிழல்கள் நின்றன.

மூலைப்பட்டையின் சாய்வை மாற்றினான். நிழல் அசையவில்லை. மூடியைக் கழற்றி வேறு மூடி போட்டான். டிம்மரைக் குறைத்தான். வெளிச்சம் குறைந்தது, நிழல் குறையவில்லை. அதன் பிறகுதான் கிட்டே போய்ப் பார்த்தான். மந்திரக்காரியின் பின்னல் நேராக இருந்தது. அவள் நிழலின் பின்னல் நடுவில் ஒடிந்து, கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. வாள்காரியின் வாள் முழுசாக இருந்தது. நிழலின் வாளில் நுனி இல்லை. பிறகு அவன் கீழே பார்த்தான். பொம்மைகள் ஏழும் தங்கள் வட்டப் பீடங்களில் காலூன்றி நின்றன. நிழல்களுக்குப் பீடம் இல்லை. பாதமும் இல்லை. ஏழும் கணுக்காலோடு நின்றுபோயிருந்தன.

கால் இல்லாமல் வருவது யாரென்று அந்த ஊரில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். தொகாஷிக்கும் தெரியும். இருந்தாலும் அவன் தொழில்காரன். முதலில் வயரிங்கைச் சரிபார்த்தான்.

புகை மணத்தோடு மேலே வந்த முரோய் சான் வாயைப் பிளந்தார்.

"என்னய்யா இது? நிழல்கொல்லின்னு கார்டு வச்சிருக்க. கொல்லு!"

"இது நான் போட்ட லைட்டோட நிழல் இல்ல முரோய் சான்."

"பின்ன உங்க தாத்தா போட்ட லைட்டா? வேலைல கோளாறு பண்ணிட்டு வியாக்கியானம் பேசுறான் பாரு. அணைச்சுத் தொலை, நாளைக்குக் காலைல பார்ப்போம்."

தொகாஷி அணைத்தான். அணையவில்லை. பிளக்கைப் பிடுங்கினான்.

"பிடுங்கிட்டியா?"

"பிடுங்கிட்டேன்."

"எரியுது."

"அடாப்டருக்குள்ள கொஞ்சம் கரண்ட் தங்கியிருக்கும். ரெண்டு விநாடில போயிரும்."

ரெண்டு விநாடி போயிற்று, வெளிச்சம் போகவில்லை. நிழல்களுக்கு நடுவே மெல்லிய நிழல் ஒன்று, நுனியில் குஞ்சம் வைத்த குச்சி போல, மேல்தட்டை ஒருமுறை இடவலமாகப் பெருக்கிவிட்டு மறைந்தது.

"பூச்சி" என்றான் தொகாஷி, யாரும் கேட்காமலே.

அப்போது கீழே கதவு திறந்தது. "வந்துட்டேன்" என்று நாகிசாவின் குரல். நிஜமான கால்கள் நிஜமான மாடிப்படியில் ஏறும் சத்தம் கேட்டது. அந்தக் கணத்தில் அதைவிட இனிமையான சத்தம் தொகாஷிக்கு வேறெதுவும் இருந்திருக்க முடியாது.

"தெருவுல இருந்தே பார்த்தேன்" என்றாள் அறை வாசலில் நின்றபடி. தோளில் பை, கையில் செண்டாய் இனிப்புப் பெட்டி. "என் ரூம்ல லைட் எரியுது. என்னன்னு—"

அலமாரியைப் பார்த்தாள். முரோய் சான் தொண்டையைச் செருமினார். ஒத்திகை பார்த்த வசனம் சரசரவென்று வந்தது.

"எல்லாம் பரண்லதான் இருந்துச்சு. ஒரு பெட்டிக்குள்ள. உங்கம்மாதான் எடுத்து வச்சிருக்கா. எனக்கே தெரியாது, பாரேன். இப்பதான் அகப்பட்டுச்சு. இவரு தொகாஷி தம்பி, லைட் போட வந்தவரு. நிழல் கொஞ்சம் தகராறு பண்ணுது. வேலை சுமார்தான்."

நாகிசா பொம்மைகளைப் பார்க்கவில்லை. அவள் கண் நேராகப் பின்பலகைக்குத்தான் போயிற்று. முகம் மெல்ல மலர்ந்தது.

"பின்னல் இன்னும் கோணலாத்தான் இருக்கு" என்று கண்ணாடியில் விரலை வைத்தாள். "ஆறாம் கிளாஸ்ல நான் ஒட்டினது. பசை என் முடிலயும் ஒட்டிக்கிச்சு, அம்மா கத்திரிச்சு விட்டாங்க."

பிறகு பொம்மையைப் பார்த்தாள். நேரான, ஒடியாத பின்னல். மறுபடி நிழலைப் பார்த்தாள். கண் கீழே இறங்கிக் கணுக்காலில் நின்றது. அங்கேயே வெகுநேரம் நின்றது. தொகாஷி தன் கருவிப்பெட்டிக்குள் தலையை விட முடியுமா என்று பார்த்தான்.

"பரண்லயா" என்றாள் கடைசியில். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "நல்லதாப் போச்சு. நான் என்னவோ, நீங்க பீடத்தோடயே மொத்தமா ஒரே பைல அடைச்சு, எரிக்கிற குப்பைல தள்ளிட்டீங்கன்னு இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருந்தேன்."

முரோய் சானின் காது சிவந்தது. ஆபத்து வருவது தொகாஷிக்குத் தெரிந்தது. ‘ஐயோ, பேசாதீங்க’ என்று கண்ணால் சொல்லிப் பார்த்தான். பயனில்லை.

"பீடத்தோடயா? ஒரே பைலயா? யாரைப் பார்த்து என்ன பேச்சு பேசுற நீ? எரிக்கிற குப்பைலயாம்! பொம்மை ஒரு தினுசு பிளாஸ்டிக், பீடம் வேற தினுசு, நடுவுல இரும்புக் கம்பி. ஒவ்வொண்ணா கணுக்காலோட கழட்டி, கழண்டு வராததை ஒடிச்சு, கம்பியை உருவித் தனியா வச்சு, பீடத்தை எல்லாம் கழுவிக் காயவச்சு—"

நிறுத்தினார். அறையில் வெளிச்சம் மட்டும் எரிந்தது, பிளக் இல்லாமல்.

"கழுவினீங்களா?" என்றாள் நாகிசா.

"…கழுவினேன்."

"சோப்பு போட்டா?"

"சோப்பு போட்டுத்தான்."

அவள் தரையில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தொகாஷியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. குப்பையைப் பிரிப்பதில் கரைகண்ட முரோய் சானாலும் முடியவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"அதான் கால் இல்லாம வந்திருக்காங்க" என்றாள் நாகிசா. பையைத் தோளில் இருந்து இறக்கினாள். "நாளைக்குக் கிளம்பறதாத்தான் இருந்தேன். பதினாறு வரைக்கும் இருக்கேன்."

"அப்பாவுக்காக—" என்று ஆரம்பித்தார் அவர்.

"இவங்களுக்காக" என்று அலமாரியைக் காட்டினாள். "வந்தவங்களை யாராவது திருப்பி அனுப்பணுமில்ல?"

தொகாஷி வீட்டுக்குப் போய் மூன்று நாள் எந்த விளக்கையும் அணைக்காமல் தூங்கினான். பதினாறாம் தேதி மத்தியானம் போன் வந்தது.

"தம்பி, சாயங்காலம் வந்துட்டுப் போ. லைட்டைப் போட்டது நீதானே? அணையறப்பவும் நீ இருக்கணும்னு பொண்ணு சொல்றா." முரோய் சான் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் எரியுது. கரண்ட் பில் வராதுல்ல?"

"பிளக் போடாம எப்படி வரும்?"

"அதான் ஒரே நிம்மதி."

அவன் போனபோது அறைச் சன்னல் திறந்திருந்தது. அலமாரிக் கதவும் திறந்திருந்தது. ஒவ்வொரு பொம்மையின் பக்கத்திலும் கட்டைவிரல் அளவு கத்தரிக்காய் ஒன்று, நாலு தீக்குச்சிக் கால்களில் நின்றது. வரும்போது வெள்ளரிக்காய்க் குதிரையில் வேகமாக வந்து, போகும்போது கத்தரிக்காய் மாட்டில் நிதானமாகப் போவார்கள் இறந்தவர்கள். கீழே பூஜை மாடத்தில் மனைவிக்கென்று பெரிய கத்தரிக்காயாகவே ஒரு மாடு காத்திருந்தது. இது குட்டி மந்தை.

"மூணு தடவை மார்க்கெட்டுக்கு அனுப்பிட்டா" என்றார் முரோய் சான். "முதல்ல கொண்டுவந்தது பெருசாம். அடுத்தது கொம்பு சரியில்லையாம்."

"கால் இல்லாதவங்க எப்படிப்பா நடந்து போவாங்க? ஏத்தி விடணும்ல?" என்றாள் நாகிசா. கடைசி மாட்டின் ஒரு காலை அவர் குனிந்து நேராக்கினார். அவள் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தாள்.

பிறகு தொகாஷியிடம் திரும்பினாள். "எட்டாவதா ஒண்ணு வந்துட்டுப் போகுது. நீங்க பார்த்தீங்களா?"

"பூச்சின்னு நெனச்சேன்."

"எங்கம்மா. நான் ஸ்கூல் போனதும் மேல வந்து இவங்களுக்குத் தூசி தட்டுவாங்க, அவங்க கன்னத்துக்குச் சிவப்புப் பூசற பிரஷால. கேட்டா, ‘நான் எங்கடி மாடிக்கு வந்தேன்’ம்பாங்க. எல்லா பொம்மை மூக்குலயும் சிவப்பு ஒட்டியிருக்கும். சளி பிடிச்ச மாதிரி."

முரோய் சான் நிமிர்ந்தார். முகத்தில் முதலில் பயம், அதன் பின்னாலேயே நியாயமான ஒரு கோபம்.

"அப்ப இத்தனை நாளும் இங்கதான் இருந்தாளா? கீழ அவளுக்குப் பிடிச்ச ஓஹாகி இனிப்பு உருண்டையா தட்டு நெறைய வச்சிருக்கேன். விளக்கு வச்சிருக்கேன், ஊதுபத்தி வச்சிருக்கேன். எட்டிக்கூடப் பார்க்கல! நேரா மாடிக்கு வந்து பொம்மைக்குத் தூசி தட்டுறாளாம்!"

"நீங்க பரண் கதைல அம்மாவையும் இழுத்தீங்கள்ல?"

"அதுக்காக?"

தெருவில் வழியனுப்புத் தீ ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கியது. முரோய் சான் இறங்கிப் போய் சணல் தண்டுகளைக் கொளுத்தினார். புகை சன்னல் வரை வந்தது. நாகிசா கைகூப்பினாள். தொகாஷியும் கைகூப்பினான். யாரைக் கும்பிடுகிறோம் என்பதில் அவனுக்குத் தெளிவில்லை.

அடித்தட்டில் இருந்து ஆரம்பித்தது. பூனைக்காதுக்காரியின் நிழல் கணுக்காலில் இருந்து மேலே மெல்ல வெளுத்தது. அந்தத் தட்டின் வெளிச்சமும் அதோடு போயிற்று. மேலிருந்து கீழ்வரை ஓடும் பட்டைகள், இரண்டுக்கும் ஒரே இணைப்பு. தட்டுத்தட்டாக அணைய வழியே இல்லை என்று தொகாஷி சத்தியம் செய்வான். நுனி ஒடிந்த வாள் போயிற்று. கடைசியாகக் கோணல் பின்னல். அது போகும்போது நாகிசா, "பத்திரம்" என்று மட்டும் சொன்னாள். மேல்தட்டில் இன்னும் ஒரு பிடி வெளிச்சம் நின்றது. அதில் அந்தக் குஞ்சக் குச்சி வந்து நிதானமாக ஒருமுறை பெருக்கியது, மறுமுறை பெருக்கியது, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறவள் கடைசியாகச் சமையலறையைத் துடைப்பது போல. பிறகு இருட்டு.

"போயிட்டாளா?" என்று படியில் இருந்தே கேட்டார் முரோய் சான்.

"போயிட்டாங்க."

அவர் திரும்பிக் கீழே இறங்கினார். மேலே வரும்போது கையில் ஓஹாகித் தட்டு இருந்தது. "வீணாப் போயிரும்" என்று மூன்று பேருக்கும் நடுவில் வைத்தார்.

தொகாஷி பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்டான். அலமாரி பளிச்சென்று எரிந்தது. பின்பலகை வெண்மையாக, கறையில்லாமல் இருந்தது. ஒரு நிழல் இல்லை, ஒரு மீசை இல்லை. அவன் வாழ்நாளிலேயே இவ்வளவு சுத்தமான வேலை செய்ததில்லை. அந்த வீட்டில் யாரும் பாராட்டவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

நாகிசா கிட்டே போய் அந்த ஏழு அந்நியர்களையும் முதல்முறையாக முகம் பார்த்தாள். நேரான பின்னல்காரியைக் கையில் எடுத்து விளக்கோரம் பிடித்தாள். மூக்கின் நுனியில் லேசாகச் சிவப்பு. அடுத்தவளை எடுத்தாள். அவளுக்கும் இருந்தது.

"அந்தக் கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் முரோய் சான் எட்டிப் பார்த்து. "கறை. கொடு, துடைச்சுத் தர்றேன்."

"தொடாதீங்கப்பா."

அவர் கையை இழுத்துக்கொண்டார். நாகிசா ஏழு பேரையும் திரும்ப அவரவர் இடத்தில் நிறுத்தி, கதவைச் சாத்தினாள்.

"அடுத்த வருஷம் பதிமூணாம் தேதி நான் வர்ற வரைக்கும் லைட்டைப் போடாதீங்க" என்றாள். "நானே வந்து போடறேன்."

முரோய் சான் தலையை ஆட்டினார். குனிந்து கத்தரிக்காய் மாடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்தார். தீக்குச்சிக் கால் ஒன்றைப் பிடித்து உருவப் போனார். கால் தனி, உடம்பு தனி, அதுதான் முறை. கை பாதியில் நின்றது.

தொகாஷி கருவிப்பெட்டியோடு தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, முரோய் சான் குப்பை வைக்கும் இடத்துக்கு நாலடி தள்ளி, கால்களோடு நின்ற ஏழு கத்தரிக்காய்களையும் ஏந்தியபடி, எந்தப் பை என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.